கண்ணாடிக்கு வெளியே நின்றவர்

ஒன்றைப் படித்து அறிந்தவர்கள் உண்டு. செய்து அறிந்தவர்கள் உண்டு. இந்த இரு சாராரையும் வாய் திறக்க விடாமல் அடிக்கும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அதற்கு 'நேரில் பார்த்தவர்' என்று பெயர். கருட சேவைக் கூட்டத்தில் குடையின் நுனியை மட்டும் பார்த்துவிட்டு, பெருமாள் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக வீட்டில் வந்து சொல்வாரே, அவரேதான்.

எங்கள் பிள்ளையார்பாளையத்துப் பள்ளியின் சரித்திர வாத்தியார் கைலாசம் இந்த இனத்தின் திலகம். எழுபத்தொன்றில் மைத்துனன் கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போனவர், ஏதோ ஒரு பெரிய ஆபீசின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, காவல்காரன் வந்து விரட்டும்வரை ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் பதினோராம் வகுப்புக்குக் 'கம்ப்யூட்டரின் வரலாறு' என்று தனிப் பாடமே தொடங்கிவிட்டார். அந்த வரலாறு சீனாக்காரனின் மணிச்சட்டத்தில் புறப்பட்டு, ஒரே மூச்சில் மைத்துனன் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்து, அங்கேயே சாப்பிட்டுப் படுத்துவிடும்.

"சார், அது எப்படி சார் கணக்கு போடுது?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள். வகுப்பில் கணக்கில் முதல் அவள்தான்.

"எப்படின்னா? கரெண்டுல."

"கரெண்டுல ஃபேன்கூடத்தான் சார் சுத்துது. அது கணக்கு போடலியே."

"நீ பாத்தியா? நான் பாத்துட்டு வந்தவன். உக்காரு."

இதற்கு மேல் என்ன வாதம் உண்டு? அவள் உட்கார்ந்தாள். ஆனால் நகராட்சி நூலகத்துக்குப் போய், கிடைத்ததையெல்லாம் படித்தாள். பள்ளிக் கண்காட்சியில் அதைப் பற்றிப் பேச அனுமதி கேட்டாள்.

"பேச்ச நான் பாத்துக்கறேன். உனக்கு வேற வேலை இருக்குதும்மா" என்றார் கைலாசம்.

வேலை என்ன தெரியுமா? பட்டுச்சேலை அனுப்பும் கள்ளிப்பெட்டிகளை ஒன்றாக அடித்து, வெள்ளிப் பூச்சு பூசி, டார்ச் பல்புகளை மினுக்கவிட்டு ஒரு கம்ப்யூட்டர் செய்திருந்தார். முன்பக்கத் துளையில் கணக்கெழுதிய சீட்டைப் போட்டால் விடை வெளியே வரும். அந்த விடையைப் போட்டுத் தருவதற்கு ரேணுகாம்பாள் உள்ளே குந்தியிருக்க வேண்டும்.

கல்வி அதிகாரி ஆதிகேசவன் வந்தார். பெருக்கல் போட்டார், விடை வந்தது. வகுத்தல் போட்டார், வந்தது. கைதட்டல் எழுந்தது. கைலாசம் தலையைச் சற்றே தாழ்த்தி மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தார். பெட்டிக்குள் அந்தப் பெண்ணுக்கு வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அதைவிட அந்தக் கைதட்டல்தான் அதிகம் எரிந்தது என்று பிறகு சொன்னாள்.

அதிகாரிக்கு விளையாட்டுப் புத்தி. 'கம்ப்யூட்டர் என்றால் என்ன?' என்று எழுதிப் போட்டார்.

சீட்டு வரவில்லை. குரல் வந்தது.

"முன்னல்லாம் ஆபீசுல உக்காந்து கணக்கு போடற ஆளுங்களுக்குத்தான் சார் கம்ப்யூட்டர்னு பேரு. மிஷினு அப்புறமா வந்துது. இங்க இன்னும் வரல."

ஆதிகேசவன் பெட்டியைச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். நனைந்த தாவணியோடு வெளியே வந்தவளிடம், "மீதியயும் சொல்லுமா" என்றார். சொன்னாள், நின்றபடியே, சீராக, எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது உட்பட. கம்ப்யூட்டரின் வரலாற்றை அந்தப் பள்ளி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. அவளைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி அவள் அப்பாவிடம் அதிகாரியே பேசினார்.

கைலாசம் குன்றிப்போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்துக்கு அந்த நோய் கிடையாது. அடுத்த ஆண்டு புதிய வகுப்பில் மணிச்சட்டத்துக்குப் பிறகு புதிதாக ஒரு வாக்கியம் சேர்ந்தது: "அந்தக் காலத்துல கணக்கு போடற ஆளுங்களுக்கே கம்ப்யூட்டர்னுதான் பேரு. நான் நேர்ல பாத்திருக்கேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு டீக்கடையில் இந்தக் கதையை யாரிடமாவது சொல்லும்போது, அந்தக் கண்காட்சியில் நீங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்பார்கள்.