குளிருக்குக் காத்திருந்த மப்ளர் வாத்தியார்

குளிர் வந்தால் போர்வைக்குள் நுழைகிறவர்களைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. குளிர் வரவில்லையே என்று வாசலில் நின்று வானத்தைத் திட்டிய ஒரே மனிதர் எங்கள் மப்ளர் வாத்தியார். இரத்தினபுரிப் பக்கம் அவருக்கு முன்னும் அப்படி ஒருவர் இருந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். புறப்படும்போது யாரோ ஒரு புண்ணியவான், "சிலோன் தோட்டமா? ஐயையோ, காது விறைச்சுப் போகுமே!" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அவன் குளிர்மலையான நுவரெலியாவை நினைத்துச் சொன்னான். இவருக்கு வேலை கிடைத்ததோ பெல்மதுளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். சித்திரை மாதத்து உச்சி வெயிலில், கழுத்தில் இரண்டு சுற்றுச் சிவப்புக் கம்பளி மப்ளரோடு பெல்மதுளைச் சந்தியில் வந்து இறங்கினார். கடைக்கார நானா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இந்த ஊர்ல இதைக் களவெடுக்க வர்றவன்கூட வச்சிட்டுத்தான் போவான்" என்றாராம்.

அன்றே கழற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். வாத்தியாருக்கு ரோஷம். வியர்வை வழிய வழிய எட்டு மாதம் அதைக் கழற்றவில்லை. மார்கழி பிறந்து, மலைச்சரிவில் மூடுபனி இறங்கி, லயம் என்கிற வரிசை வீட்டுச் சனம் முழுவதும் சாக்குக்குள் சுருண்ட முதல் காலையில், மனிதர் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். கல்யாண மாப்பிள்ளைகூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

நான் அப்போது அந்தத் தோட்டத்து மருந்துக்காரன். எல்லோரும் டொக்டர் ஐயா என்பார்கள். நான் டொக்டர் இல்லை என்பது எனக்கும் தெரியும், நோயாளிகளுக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை. குளிர் எனக்கு ஜென்ம விரோதி. பெரட்டு என்கிற காலை ஆள்கணக்குக்குத் தப்படித்து ஆட்களை எழுப்பும் நேரத்தில் கம்பளிக்குள் இன்னும் ஒரு சுற்றுப் புரள்வதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட ஒரே சுகம். அந்தச் சுகத்தில்தான் வாத்தியார் மண் அள்ளிப் போட்டார். அவருடைய பள்ளிக்கொட்டகை என் அறைக்கு அடுத்த சுவர்.

பள்ளிக்கூடத்துக்கு அந்த மார்கழியில் கண்டம் வந்திருந்தது. பதிவில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். குளிர் தொடங்கியதும் வந்தவர்கள் ஆறு பேர், அதிலும் ஒருத்தி தம்பியைத் தேடி வந்தவள். தோட்டத்தை நடத்தும் துரை, கிளாக்கர் மூலம் சொல்லி அனுப்பினார்: பொங்கலுக்கு முன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவார், அன்று இருபது தலை இல்லாவிட்டால் கொட்டகை உர ஸ்டோர் ஆகிவிடும், பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தூக்கலாம், வாத்தியார் கப்பலேறலாம்.

"போய்ப் பெத்தவங்க கால்ல விழுங்க" என்றேன் வாத்தியாரிடம்.

"எதுக்குங்க? கர்த்தர் நாலே வாரம் குளிரைக் குடுத்திருக்காரு. அதை எப்படி அனுபவிக்கிறதுன்னு யாரும் இதுகளுக்குச் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுத்தா தானா வருவாங்க."

"அனுபவிக்கிறதா? மூக்கு ஒழுகுதுய்யா!"

"ஒழுகட்டுங்க. அதுவும் ஒரு அனுபவந்தானே."

மறுநாளிலிருந்து தொடங்கியது கூத்து. முதல் பாடம், வாயால் புகை விடுவது. பிள்ளைகள் வரிசையாக நின்று ஊத வேண்டும். யார் மூச்சு நீளமாகப் புகைகிறதோ அவர் அன்றைக்குச் சட்டாம்பிள்ளை. கணக்குப் பாடம், சிலந்தி வலையில் நிற்கும் பனித்துளியை எண்ணிக் கூட்டுவது. விடை சரியா என்று பார்க்க வாத்தியார் போவதற்குள் வெயில் வந்து பாதியைக் கழித்துவிடும். "கழித்தலும் படிச்சாச்சு!" என்று கைகொட்டுவார்.

அதைவிட வேடிக்கை வெயில் வகுப்பு. காலையில் கொட்டகை வாசலில் ஒரு பாய் அகலத்துக்கு இளவெயில் விழும். எல்லோரும் அதில் உட்கார்ந்து தமிழ் படிப்பார்கள். வெயில் நகர நகர வகுப்பும் நகரும். ஒருநாள் பூகோளம் தொடங்கியபோது என் ஜன்னலடியில் இருந்தார்கள். பூகோளம் முடிந்தபோது பெரிய கங்காணியின் போஞ்சிப் பாத்திக்குள் இருந்தார்கள். கங்காணி கத்திக்கொண்டு ஓடி வந்தார். வாத்தியார் பாத்தி நடுவே நின்றபடி, "சூரியனைக் கேளுங்க கங்காணி, நாங்க அவரு பின்னால வந்தவங்க" என்றார்.

வீட்டுப்பாடம் இன்னும் விசேஷம். அம்மா கம்பளியை விட்டு எழும்புமுன் அடுப்பை மூட்டி, இஞ்சி தட்டிப் போட்டுச் சாயத்தண்ணி ஊற்றி, கித்துள் கருப்பட்டித் துண்டோடு கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் ஸ்லேட்டில் நட்சத்திரம். நாலாம் நாள் லயத்துப் பெண்கள் படையாகத் திரண்டு வந்தார்கள். அடிக்க வருகிறார்கள் என்று நான் சந்தோஷமாக எட்டிப் பார்த்தேன். "வாத்தியாரய்யா, இந்தக் குளிரு ஆனி ஆடி வரைக்கும் இருக்கப்படாதுங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி. கொழுந்து எடுக்கும் தோட்டத்தில் எந்தத் தாயும் படுக்கையில் இருந்து தேத்தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. ஆறு பதினாறாயிற்று.

இருபதைத் தாண்ட அவர் செய்த கடைசி வேலைதான் நெருப்பு. தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலைக்குக் கீழே ஒரு பள்ளம். காற்றுப் படாத இடம். அங்கே டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரத்துச் சுள்ளியையும் இலையையும் குவித்துப் பற்றவைத்து, சாம்பலில் மரவள்ளிக்கிழங்கைப் புதைத்து, சுற்றி நின்று வாய்ப்பாடு சொல்ல வைத்தார். பதினாறாம் வாய்ப்பாடு முடிந்தால் கிழங்கு வெந்துவிட்டது என்று கணக்கு. மறுநாள் இருபத்தெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள்.

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் அதை இழுத்துக்கொள்ளும். ஸ்டோரின் மேல்மாடியில், ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துத்தான் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். பள்ளத்துப் புகை நேரே அங்கே ஏறியது. வாத்தியாருக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியும், இது தெரியாது.

ருசி பார்த்த டீமேக்கர் முதல் நாள் முகத்தைச் சுளித்தார். இரண்டாம் நாள் துப்பினார். "கருவாட்டைக் கற்பூரத்துல சுட்ட மாதிரி இருக்குய்யா!" கொழுந்து காயவைக்கும் அடுப்பில்தான் ஓட்டை என்று முடிவுகட்டி, மூன்று நாள் அதைப் பிரித்துப் போட்டுப் பூட்டினார். வாசம் போகவில்லை. துரையின் முகம் வாத்தியாரின் மப்ளரைவிடச் சிவந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த காலையும் நல்ல குளிர். துரை அவரைக் கொட்டகைக்குக் கூட்டிவந்தார். உள்ளே ஈ காக்கை இல்லை. சத்தம் கேட்டு நான் கம்பளியோடு வெளியே வந்தேன். "ஸ்கூல் எங்கே?" என்றார் துரை. கையைக் காட்டினேன். மூவரும் பள்ளத்துக்கு இறங்கினோம். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் நெருப்பைச் சுற்றி நின்று கணீரென்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணினார். துரை எண்ணவில்லை. அவர் கண் புகையோடு மேலே போய், ஸ்டோர் ஜன்னலில் முட்டி நின்றது.

"யார் இந்த நெருப்பு போட்டது?"

வாய்ப்பாடு அறுந்தது. வாத்தியார் ஓரடி முன்னால் வந்தார். அவர் வாயைத் திறந்தால் பள்ளிக்கூடம் அன்றோடு மூடிக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த இரைச்சல் ஒழிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதும் தெரிந்தது. ஆனால் இருபத்தெட்டு முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன, கன்னமெல்லாம் சாம்பல்.

"நான்தாங்க தொரை" என்றேன். "டர்பன்டைன் இலைப் புகை நெஞ்சுச் சளிக்கு நல்லதுங்க. மருந்துன்னு நான்தான் போடச் சொன்னேன். வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியாது."

பிறகு நான் வாங்கிய வசவைப் பத்திரிகையில் போட முடியாது. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் இரண்டு தடவை எண்ணிக் கையெழுத்துப் போட்டதால், துரை கடைசியில் இறங்கிவந்தார். நெருப்பு, தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். மருந்து என்பதால், மருந்துக்காரன் ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கே கூட நிற்க வேண்டும்.

துரை போனதும் வாத்தியார் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

"எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே டொக்டரய்யா. காலையில எழும்ப உங்களுக்குச் சிரமமா இருக்காதுங்களா?"

"சிரமமாவா? உயிரே போகும்யா!"

அப்படித்தான் சொன்னேன். தை பிறந்து வெயில் ஏறியதும் துரை தன் உத்தரவை மறந்துவிட்டார். அடுத்த மார்கழியில் அவர் கேட்கவில்லை, அதற்கடுத்த மார்கழியிலும் கேட்கவில்லை. வாத்தியார் ஊர் திரும்பும்வரை ஐந்து மார்கழி, ஒரு காலைகூடத் தவறாமல், யாரும் எழுப்பாமல், நான் ஆற்றைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.