விமானத்துக்கு விழாமல் நிற்கப் பழக்கிய நைரோபியார்

வட்டக்கச்சியில் பற்றைக்காட்டை வெட்டி வயலாக்கியவன் நான். சண்டையால் டீசல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் அரிசி ஆலை ஓட்டியவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் ஒன்றையும் கைவிடவில்லை. ஒரேயொரு வேலைதான் தனியே முடியவில்லை. அதற்கு நைரோபியார் வேண்டியிருந்தார்.

கென்யாவுக்கு அவரைப்போலப் பயந்த மனிதர் பூமியில் இல்லை. தொண்ணூறுகளில் கனடாவுக்கென்று, களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டு, நைரோபி வரை போய்த் திரும்பியவர்; பெயரும் அப்படி வந்ததுதான். மேலே குண்டுவீச்சு விமானம் சுற்றும். பதுங்குகுழிக்குள் இருந்தபடி எங்களை எச்சரிப்பார்.

"இருட்டினாப் பிறகு அங்கை வெளிக்கிடக்கூடாது. கையிலை மணிக்கூடு கட்டக்கூடாது. சரியான ஆபத்து."

"அப்ப இஞ்சை?" என்றேன்.

"இஞ்சை குண்டு மட்டுந்தானே, அண்ணை."

என் மகள் சுகந்திக்குக் கனடா மாப்பிள்ளை சரிவந்தது. பயணம் ஏஜென்சிக்காரனோடு, நைரோபி வழியாக. கேள்விப்பட்ட கையோடு நைரோபியார் வந்துவிட்டார்.

"பிள்ளை, கள்ளனை விடு. பிளேன் சத்தம் கேட்டா விழக்கூடாது. அதுதான் முக்கியம்."

அவர் விழுந்தவர். நைரோபி நடுத்தெருவில், பயணிகள் விமானம் மேலால் போக, குண்டுக்குப் படுக்கிற மாதிரிக் காதைப் பொத்தி வாயைத் திறந்து குப்புறப் படுத்தாராம். வலிப்பு என்று சனம் ஓடிவந்து தண்ணீர் தெளித்தது. எழும்பிப் பார்த்தால் பாஸ்போட் இல்லை. காலில் போட்டிருந்த சப்பாத்தும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என் ஆலையில் பயிற்சி தொடங்கியது. நான் எஞ்சினை முழுவேகத்தில் இரைய விடுவேன், அசல் விமானம். சுகந்தி விழுவாள். நெல்லுக் குத்த வந்த சனமும் விழும்.

"எழும்பு பிள்ளை! இது கென்யா! சிரிச்சுக்கொண்டு நட!"

"கால் தானா மடியுது, மாமா."

மெல்ல மெல்லக் கால் நிமிர்ந்தது. ஒருநாள் இரைச்சல் கேட்டது. சுகந்தி முற்றத்தில் சிரித்தபடி நடந்தாள். எனக்குப் பெருமை. பிறகுதான் பார்த்தேன்: எஞ்சினை நான் இன்னும் ஓட்டவேயில்லை.

நைரோபியார் பாய்ந்து அவளை வாய்க்காலுக்குள் தள்ளி, மேலே தானும் விழுந்தார். குண்டு வயல்கரையில் வெடித்தது. பறந்துவந்த கல் அவர் முதுகைக் கிழித்திருந்தது. சேற்றோடு எழும்பிச் சொன்னார்:

"இது இஞ்சத்தைப் பிளேன், பிள்ளை. இதுக்கு விழவேணும்."

சுகந்தி கனடா போய்ச் சேர்ந்தாள். நைரோபித் தெருவில் தலைக்கு மேலால் விமானம் போக, அசையாமல் நின்றாளாம். நைரோபியாரிடம் செய்தியைச் சொன்னேன்.

"சப்பாத்து?" என்றார்.

"காலிலை இருந்ததாம்."

நெல்மூட்டையில் இருந்துவிட்டார். நானும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

பிள்ளையைக் கரைசேர்த்தது ஏஜென்சிக்காரன் என்று இப்போது சிலர் கதைக்கிறார்கள். எழுதிக்கொள்ளுங்கள்: கரைசேர்த்தது நாங்கள் இரண்டு பேரும். மற்ற எல்லாவற்றிலும் என் பெயர்தான் முதலில் வரவேண்டும். இதில் மட்டும் அவரை முதலில் போடுங்கள்.