ஒச்சப்பனுக்கு நாலு வார்த்தை

"மறைந்த ஒச்சப்பன் அவர்களே, வணக்கம்!"

பேச்சிமுத்து ஒத்திகையைத் தொடங்கியதுமே அவன் மனைவி ராக்கு தலையில் அடித்துக்கொண்டாள்.

"செத்தவருக்கா வணக்கம் சொல்லுவாக?"

குரங்கணிக்கு மேலே அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம். யார் செத்தாலும் பதினாறாம் நாள் கூட்டத்தில் கூட்டாளிதான் நாலு வார்த்தை பேசவேண்டும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருபது வருஷம் ஒச்சப்பனோடு ஒரே அடுப்புக்கு விறகு தள்ளியவன் பேச்சிமுத்து. அழச் சொன்னால் இரண்டு நாள் அழுவான். பேசச் சொன்னால் ஓடி ஒளிவான்.

"ரெண்டு ஏலக்கா மெல்லுங்க, தொண்டை தெறக்கும்" என்றாள் ராக்கு.

பதற்றத்தில் ஒரு கைப்பிடி ஏலக்காயையே மென்றான். நாக்கு மரத்துப்போனது. அதற்குச் சோடா குடித்தான். விக்கல் பிடித்துக்கொண்டது.

"அப்ப தாளைப் பாத்துப் படிச்சிருங்க. வெரசா எழுதுங்க."

எழுதினான். முதல் வரியிலேயே அவனுக்குக் கண் கலங்கியது. போன மழைக்கு இவன் காய்ச்சலில் போடி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒச்சப்பன் கட்டிலோரம் கண்ணை மூடி உட்கார்ந்து முணுமுணுவென்று சாமி கும்பிட்டுக்கொண்டே இருந்தானே, அதைத்தான் எழுதியிருந்தான். அப்படி ஒரு மனுஷன் இனி எங்கே கிடைப்பான்?

ஸ்டோர் வாசலில் எஸ்டேட்டே கூடியிருந்தது. முன்வரிசையில் ஒச்சப்பன் மனைவி செல்லத்தாய். பேச்சிமுத்து தாளைப் பிரித்தான். உள்ளங்கை வேர்வையில் மை கரைந்து, தாள் முழுக்க நீலமாகக் கிடந்தது.

"போன மழைக்கு..." விக்கல். "போன மழைக்கு..." மறுபடியும் விக்கல்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்காகச் சாமியிடம் அத்தனை பேசியவனை ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப முடியவில்லையே என்று பேச்சிமுத்து நின்ற இடத்திலேயே அழுதான்.

செல்லத்தாய் எழுந்துவந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த பழைய தாள் ஒன்றை நீட்டினாள்.

"இதைப் படிங்கண்ணே."

"என்ன ஆத்தா இது?"

"அவுக எழுதுனது. நீங்க பொழைக்க மாட்டீகன்னு டாக்டர் சொன்னப்ப, ஒங்க கட்டிலோரத்துல உக்காந்து இதைத்தேன் மனப்பாடம் பண்ணுனாக. பேரை மட்டும் மாத்திக்கங்க."