நாற்பத்தேழாம் எண்ணுக்கு என்ன நோய்?

கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. உள்ளே ‘மனக்கதிர் மாமேதை’ இருக்கிறார். அவருடைய தொப்பியைத் தலையில் மாட்டினால் போதும், மனத்தின் நோய் முழுப்பெயரோடு வெளியே வந்துவிடும். ரகசியமாக அல்ல, ஒலிபெருக்கியில்!

பெயர் கிடைத்தவர்கள் அதை எழுதிக் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். "எனக்குக் கவனச்சிதறல். ஆபீஸுக்கு லேட்டா போனா இப்ப யாரும் வாயே திறக்கிறதில்ல" என்று பூரித்தார் ஒரு குமாஸ்தா. பட்டம் வாங்கியபோதுகூட மனிதர் இவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார்.

மூலையில் ஒரு தையற்காரி, மடியில் மூன்று மாதக் குழந்தை. பெற்றதிலிருந்து தூக்கம் இல்லை, காரணம் இல்லாமல் அழுகை. அட்டையில் ‘ஆபத்து’ என்று வந்தால் குழந்தையைத் தன் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாக மாமியார் முடிவு கட்டியிருந்தார். நோயாளியின் விவரத்தாளையும் இதையெல்லாம் எழுதி அவரே நிரப்பிக் கொடுத்தார்.

அந்தத் தாள் ஒரு துவாரம் வழியாக உள்ளே போனதைத் தையற்காரியின் அண்ணன் பார்த்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்தப் பெட்டியைக் கண்டாலும் திறந்து பார்க்கத் தோன்றும் ஆள்.

"தலைக்குள்ள இருக்கிறதைத்தானே தொப்பி படிக்குது? அப்புறம் தாள் எதுக்கு?"

"வாயை மூடுங்க தம்பி, கதிர் கோவிச்சுக்கும்" என்றார் மாமியார்.

தங்கையின் எண்ணான நாற்பத்தேழை அழைத்தார்கள். "நீ உக்காரும்மா" என்று தங்கையிடம் சொன்ன அண்ணன், மாமியார் எழுவதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தொப்பியை மாட்டிக்கொண்டார். மாமேதை இருப்பதோ அடுத்த அறையில். கதிர் பட்டால் அவருக்கு ஆகாதாம்!

ஒலிபெருக்கி முழங்கியது: "நாற்பத்தேழு! பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு! ஆபத்து! தாய்ப்பாலை நிறுத்தவும்! குழந்தையைப் பிரிக்கவும்!"

கதவு திறந்தது. முறுக்கு மீசையைத் தடவியபடி தாய் வெளியே வந்தார்.

கூடம் அதிர்ந்து சிரித்தது. மாமேதை ஓடி வந்தார். "தங்கச்சியோட அலை அண்ணன்மேல ஒட்டிக்கிச்சு..."

"அப்ப பாலும் ஒட்டிக்குமா?" என்ற அண்ணன் தொப்பியைப் பிரித்துக் காட்டினார். மூன்று சின்ன பல்பு, இரண்டு பேட்டரி. அவ்வளவுதான் மனக்கதிர். மாமேதை பின்கதவைத் தேடினார். குமாஸ்தாவோ, "நாளைக்கு ஆபீஸ்ல நான் என்னத்தைச் சொல்ல?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணன் தங்கையை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மாள் தொப்பி எதுவும் மாட்டவில்லை. ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னதும் அதே பெயர்தான்.

கூடவே வந்த மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா! தொப்பி சொன்னது சரிதானே?"

மருத்துவர் சொன்னார்: "தொப்பி நீங்க எழுதினதைத் திருப்பிச் சொல்லுச்சு. இது குணமாகிற நோய். பேர் தெரிஞ்சது வைத்தியம் பண்ணத்தான், பிள்ளையைப் பிடுங்க இல்ல. குழந்தை இவங்ககிட்டயே இருக்கட்டும். ராத்திரி அழுதா நீங்க எழுந்து தூக்குங்க, இவங்க தூங்கட்டும்."

"அப்ப நான் கெட்ட அம்மா இல்லையா டாக்டர்?" என்று கேட்டுத் தங்கை உடைந்து அழுதாள். இத்தனை நாள் இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கதை சொல்லும் எனக்கே சிரிப்பெல்லாம் போய்விட்டது.

நோய்க்குப் பெயர் சொல்ல வருகிறவனிடம், "எப்படிக் கண்டுபிடிச்சே? இனி என்ன செய்யப்போறே?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள், மகாஜனங்களே. கேட்கக் கூச்சமாக இருந்தால் வரிசையில் நில்லுங்கள். அடுத்த மாமேதை வந்துகொண்டே இருப்பான்.