குமார் இருக்கும் வீடு யாருடையது?

வினாத்தாளோடு சண்டை பிடித்த ஆட்கள் ஊரில் பலர் இருக்கலாம். வினாத்தாளுக்குள் இருக்கிற ஆட்களுக்காகச் சண்டை பிடித்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வட்டமேசை அண்ணன்.

அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைக்கு மட்டக்களப்பு டவுனில், வாவிக்கரையோரம் ஒரு தகரக் கொட்டிலில் நாங்கள் படித்தோம். பட்டம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த கூட்டம். நானும் என் சிநேகிதி மல்லிகாவும் முதல் வாங்கில் உட்காருவோம். கிரானிலிருந்து பஸ் ஏறி வரும் வட்டமேசை அண்ணன் எங்களுக்குப் பின்னால் உள்ள வாங்கில். வயதில் எல்லோருக்கும் மூத்தவர். எத்தனையோ தடவை எழுதி, ஒவ்வொரு தடவையும் நுண்ணறிவுத் தாளில் கவிழ்ந்தவர். மற்றப் பாடங்களில் புலி.

பெயர் வந்த கதை இதுதான். நுண்ணறிவு படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் ஒரு கணக்குப் போட்டார். ஒரு வட்டமேசையைச் சுற்றி ஆறு பேர். ரவிக்குப் பக்கத்தில் பாலன் இருக்கமாட்டான். அப்படியானால் ரவிக்கு எதிரில் இருப்பது யார்? நாங்கள் படம் கீறத் தொடங்கினோம். அண்ணன் எழும்பினார்.

"சேர், ரவிக்கும் பாலனுக்கும் என்ன கோவம்?"

"அது கேள்வியில இல்லைத்தானே. நீர் ஏன் அதை யோசிக்கிறீர்?"

"காணி எல்லைப் பிரச்சினையாத்தான் இரிக்கும். ரெண்டு பேரையும் பக்கத்தில இருத்தினா பேசித் தீர்த்திருவாங்க சேர். இப்பிடித் தள்ளித் தள்ளி வெச்சா எப்ப ராசியாகுற?"

சேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணனின் சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போனது.

இன்னொரு நாள், 'எல்லா மீன்களும் ஊமை. சுறா ஒரு மீன். ஆகவே?' என்று கேள்வி. சுறாவும் ஊமை என்று எழுதிவிட்டு நாங்கள் பேனையை வைத்தோம். அண்ணன் முதல் வரியையே வெட்டிவிட்டார்.

"மட்டக்களப்பில இருந்து சம்பளம் எடுத்துக்கிட்டு மீன் ஊமை எண்டு எழுதலாமா சேர்? பூரணைக்குக் கல்லடிப் பாலத்தடிக்கு வாங்க. தோணியில போய் துடுப்புல காத வெச்சு மீன் பாடுறதக் கேளுங்க. மறுகா நீங்களே திருத்துவீங்க."

சேர் போனாரா, கேட்டாரா, நமக்குத் தெரியாது. அடுத்த கிழமை அந்தக் கேள்வி மட்டும் தாளில் இல்லை.

ஆனால் சேரை உண்மையாகவே உலுக்கியது குமார்தான். 'குமார் தன் மனைவியோடும் மனைவியின் தாயோடும் ஒரு வீட்டில் வசிக்கிறான். எது நிச்சயம் உண்மை? வீடு குமாருடையது, வீடு மனைவியுடையது, வீடு மாமியாருடையது, எதையும் முடிவு செய்ய முடியாது.' விடை கடைசித் தெரிவு. கேள்வியில் வீட்டுக்காரர் யாரென்று சொல்லப்படவில்லை அல்லவா? தாள்களைத் திருத்திய சேர் வாயைப் பிளந்தார். அண்ணன் மட்டுமல்ல, நானும் மல்லிகாவும் உட்பட முழு வகுப்பும் 'மனைவியுடையது' என்று எழுதியிருந்தோம்.

"என்னடாப்பா, எல்லாரும் சேர்ந்து பாத்து எழுதினனீங்களோ?"

வகுப்பு சார்பாக அண்ணன் பேசினார். "இதில பாத்து எழுத என்ன இரிக்கு சேர்? கலியாணம் முடிஞ்சா ஊடு பொம்புளப் புள்ளைக்கு. மாப்பிள தலகாணியோட வந்து சேருற ஆள். தாய்க்காரி பின்னுக்கு ஒரு அறையப் போட்டுக்கிட்டு ஒதுங்கிருவா. இதில என்ன முடிவெடுக்க ஏலா எண்டுற?"

முப்பது தலைகள் ஓம் ஓம் என்று ஆடின. யாழ்ப்பாணத்துச் சேர் தனித்துப்போனார், பாவம்.

சிரிப்பெல்லாம் சரி. அண்ணனுக்கு அந்த வருடத்தோடு வயதெல்லை முடிகிறது. மண்டூரில் அவருடைய மாமா மகள் புவனா அவருக்காகவே காத்திருந்தா. வீடும் கட்டி முடிந்துவிட்டது. 'உத்தியோகம் கிடைச்சாத்தான் கலியாணம்' என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். இந்தத் தடவை தவறினால் வேலையும் இல்லை, புவனாவும் இல்லை.

நானும் மல்லிகாவும் அவரைப் பிடித்து இருத்திப் பழக்கினோம். "அண்ணன், கேள்வியில வாற ஆக்களுக்கு உயிரில்ல. ஆருக்கும் நோகாது. ஏன் எதுக்கெண்டு கேக்காம விடைய மட்டும் போடுங்க." அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மாதிரித் தாள்களில் புள்ளிகள் ஏறின. குமாரைக்கூட 'முடிவு செய்ய முடியாது' என்று விட்டுவிட்டார், பெருமூச்சோடு.

பரீட்சை முடிந்து மண்டபத்தை விட்டு வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன அண்ணன்?"

"எல்லாம் செஞ்சுக்கிட்டு வந்தன் புள்ள. ஒரு கேள்வியில மாட்டிட்டன். அஞ்சு பேர், தோணியில நாலு பேருக்குத்தான் இடம். ஆர விட்டுட்டுப் போறதெண்டு கேக்கான். நானும் மாத்தி மாத்தி ஏத்திப் பாக்கன், ஒருத்தர் கரையில நிக்காரு. பாதி நேரம் அதிலயே போயிட்டு." பேனையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சொன்னார்: "சண்டையும் சுனாமியும் கண்ட நம்மட ஊரில பிறந்துட்டு என்னெண்டு கா ஒருத்தர விட்டுட்டு வாற?"

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மல்லிகா அன்று சிரிக்கவில்லை.

பெறுபேறு வந்தது. நானும் மல்லிகாவும் பாஸ். அண்ணன் இல்லை.

மண்டூருக்குப் போய்ச் செய்தி சொல்ல வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் வாங்கடி. பொம்புளப் புள்ளையள் நிண்டா மாமா கையோங்கமாட்டாரு" என்று எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். குருமண்வெளியில், வாவியைக் கடக்கப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறியதிலிருந்து அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா செய்தியைக் கேட்டார். துவாயை உதறித் தோளில் போட்டார். "நான் அப்பவே சொன்ன சொல்லுத்தான். உத்தியோகம் இல்லாட்டி இந்தப் பேச்சே இல்ல."

எல்லாக் கேள்வியோடும் மல்லுக்கு நின்ற மனுசன் அன்று தலையைக் குனிந்து நின்றார். எனக்கு மாமாவின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்போதுதான் குசினியிலிருந்து புவனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா.

"அப்பா, இந்த ஊடு ஆர்ர பேரில?"

மாமா முழித்தார். "உன்ட பேரில."

"வயல் வட்டை?"

"அதுவும் உனக்குத்தானே எழுதின."

"அப்ப இதில ஆரு வந்து இரிக்கிறதெண்டு நான்தானே சொல்லணும்?" அண்ணனின் பக்கம் திரும்பினா. "மச்சான், கையக் கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

மாமா எங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நிக்கிறீங்களே மருமகன், இரிங்க" என்றார்.

அண்ணன் உட்காரவில்லை. கிணற்றடிக்குப் போனவர் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. நாங்கள் கவனிக்காத மாதிரிச் சோற்றைப் பிசைந்தோம்.

நான் சித்தியடைந்த செய்தி ஃபோனில் வந்த அன்று அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நான் அழவில்லை. மண்டூரில் அந்தச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால்தான் அழுதேன்.