நாலுகட்டத்தாரின் கீழ்க்கோடு

கொல்லிமலையில் எதையும் முழுசாக எண்ணாமலே சரியாகச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர் நாலுகட்டத்தார். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் ஒரு மாடியில் இருந்தது அந்தச் சின்ன ஆய்வகம். பலாச்சுளையிலிருந்து ஈஸ்ட் செல்களைப் பிரித்து, திரவத்தில் கலந்து, எண்ணி, மலைக்குக் கீழே இருக்கும் கம்பெனிக்கு அனுப்புவது எங்கள் வேலை. கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் நான்கு மூலைக் கட்டங்களை மட்டும் எண்ண வேண்டும். சராசரியை, செத்த செல்லை நீலமாக்கும் சாயத்தைச் சரிபாதி கலந்ததற்காக இரண்டாலும், அப்புறம் பத்தாயிரத்தாலும் பெருக்கினால் ஒரு மில்லிக்கு எத்தனை செல் என்று வந்துவிடும். கோட்டின் மேல் கிடப்பவற்றுக்கும் சட்டம் உண்டு. மேல்கோடு, இடக்கோடு சேரும். கீழ்க்கோடு, வலக்கோடு சேராது. இல்லாவிட்டால் ஒரே செல்லை இரண்டு கட்டத்திலும் எண்ணிவிடுவோம்.

நாங்கள் இந்தச் சட்டத்தை ஆய்வகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவோம். அவர் கூடவே கொண்டுபோவார். வளப்பூர் நாட்டுக் கல்யாணம் ஒன்றில் பந்தியின் நான்கு மூலையை எண்ணி, சமையல்காரரிடம் தலைக்கணக்குச் சொன்னார். வலது ஓரத் தூணில் சாய்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பாயசம் கிடைக்கவில்லை. ரச வாளியையும் சும்மா விடமாட்டார்.

"ஆட்டிட்டு ஊத்துங்க. சத்தெல்லாம் அடியில தங்கிருக்குமுங்க."

தினமும் சாயங்கால பஸ்ஸையும் எண்ணி, கேட்காமலே கண்டக்டரிடம் சொல்வார். கடைசிப் படியில் தொங்குகிறவர்களை விட்டுவிடுவார்.

"அது கீழ்க்கோடுங்க. சேராது."

எனக்கு அங்கே ஒப்பந்த வேலை. மில்லிக்குப் பத்து லட்சம் உயிருள்ள செல் காட்டினால் வேலை நீடிக்கும். இரண்டு தடவை தவறவிட்டேன். மூன்றாவது தடவைதான் கடைசி. நான்கு கட்டத்திலும் சேர்த்து இருநூறு வந்தாக வேண்டும். செத்து நீலமாகிப் போனவற்றைத் தள்ளிவிட்டு அவர் எண்ணினார்.

"நூத்தித் தொண்ணூத்தி நாலுங்க மேடம்."

நானும் குனிந்து பார்த்தேன். கீழ்க்கோட்டின் மேல் ஆறு செல்கள், உயிரோடு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

"அண்ணா, அந்த ஆறு?"

"அது அடுத்த கட்டத்துதுங்க."

"ஒரே ஒரு தடவைங்கண்ணா. என் வேலை போயிரும்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியுமுங்க. ஆனா சேராதுங்க."

ஒன்பது லட்சத்து எழுபதாயிரம் என்று எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். வேலை போயிற்று. அந்த மாதம் முடிகிறவரை அவரோடு நான் பேசவில்லை.

கிளம்பிய அன்று சாயங்கால பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பின்வாசலின் கடைசிப் படியில் பையோடு நின்றேன். நாலுகட்டத்தார் வழக்கம்போல் வந்து எண்ணினார்.

"அறுவத்தி மூணுங்க."

கண்டக்டர் டிக்கெட் கட்டைப் பார்த்தார். "ஏனுங்க, உள்ள அறுவத்தி ரெண்டுதானுங்க. படியில நிக்கற மேடத்தையும் சேத்திட்டீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சேத்தியாச்சு, உடுங்க" என்றார். "கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்க, கண்ணு."

முதல் வளைவு வருவதற்குள் என் கோபம் போய்விட்டது. மீதி அறுபத்தொன்பது வளைவுக்கும் அழுதுகொண்டே இறங்கினேன்.