களத்துக்கு ஒரு கத்தி

கத்தி செய்யப் புறப்படுகிறவன் முதலில் அடக்கவேண்டியது தன் வாயை. யுத்த காலத்துக் கொழும்பில், அதுவும் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதை நான் அறியாமல் போனேன்.

அப்போது எனக்குச் செடிகொடி மாதிரிகள் சேகரிக்கும் வேலை. கடையில் விற்ற கத்தி எதுவும் என் மேதாவிலாசத்துக்குப் பொருந்தவில்லை. கிளை வெட்ட, வேர் தோண்ட, பட்டை உரிக்க, நீளம் அளக்க, எல்லாவற்றுக்கும் ஒரே கத்தியை நானே வரைந்து, கொட்டாஞ்சேனைப் பட்டறை ஒன்றில் லொறி வில்லுத்தகட்டில் அடிக்கக் கொடுத்தேன். பிறகு, நான் அறை எடுத்திருந்த வீட்டின் தொலைபேசியில் பட்டறைக்காரருக்கு உரத்த குரலில் விளக்கம் வேறு.

"இது களத்தில பாவிக்கிற கத்தி, அண்ணை. தகடு நல்லாத் தடிப்பா இருக்கட்டும். ஒரு வெட்டோட விழவேணும்."

எல்லோரையும் போல 'பீல்ட்' என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். (தூய தமிழ் பேசுகிறாராம் துரை.) எனக்குக் களம் என்றால் காடும் வயலும். மற்றவர்களுக்கு அந்த நாட்களில் களம் என்றால் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்காரரான பவளம் அன்ரி கொண்டுவந்த தேத்தண்ணீரோடு அப்படியே உள்ளே திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து என் அறைக்கதவு பூட்டியிருந்தால் தட்டுவார், திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பார். "தம்பிக்கு ஊரில ஆர் ஆர் இருக்கினம்?" என்று சாப்பாட்டுக்கு நடுவில் கேட்பார். அவர் ஏன் கேட்கிறார் என்று நான் அவரைச் சந்தேகப்பட்டேன்.

கத்தி கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையே பொலிஸும் வந்தது. (யார் சொன்னது என்று தெரியும். எழுதினால் எனக்கு வீட்டில் சோறு இல்லை.)

அதிகாரி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னத்துக்கு?"

"செடி வெட்ட, சேர்."

"வெட்டிக் காட்டுங்க."

அன்ரியின் மகள் சுகந்தி குசினியிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய ஒரு இறாத்தல் பாணைக் கொண்டுவந்து வைத்தாள். கத்தி வெட்டினால் நான் ஜீப்பில் ஏறவேண்டும். ஏறினால் திரும்பி வருவேனோ தெரியாது. அந்த நிலையிலும், சுகந்திக்கு முன்னால் கத்தி நன்றாக வெட்டவேண்டும் என்றுதான் என் வெட்கங்கெட்ட மனம் வேண்டிக்கொண்டது.

பாண் நசுங்கியது. அழுத்தினேன், இன்னும் நசுங்கியது. தகட்டைத் தடிப்பாக்கியதில் கூர் பிடிக்க இடமே இருக்கவில்லை. இன்னொருமுறை அழுத்தியபோது பிடி கழன்று அன்ரியின் காலடிக்கு உருண்டது.

அதிகாரி கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வெடக் நே" என்றார். சிங்களத்தில் பிரயோசனமில்லை என்று அர்த்தம். எங்கள் இருவரில் யாரைச் சொன்னார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஜீப் போனது. உயிர் வந்தது, மானம் வரவில்லை.

சில வருடங்களின் பின் சுகந்திக்கு என்னைப் பேசினார்கள். "பொலிஸ் தேடி வந்த பெடியனெல்லோ" என்று அவளுடைய பெரியப்பா இழுத்தார். அதற்கு அன்ரி சொன்ன பதிலை எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பேச்சிலும் இன்றுவரை யாராவது எடுத்துவிடுகிறார்கள்.

"பொலிஸே வீட்டுக்கு வந்து, சோதிச்சுப் பாத்து, பிரயோசனமில்லாத பெடியன் எண்டு சொல்லிப்போட்டுப் போனது. கொழும்பில இதைவிட நல்ல மாப்பிள்ளையை எங்க போய்த் தேடுறது?"